இறக்காத வலை

இன்று காலை குசினியில் வலை இறங்கிவிட்டது.

ஒரு பக்கக் கொக்கி கழன்றிருக்க வேண்டும். தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம். திரும்பினால் பொம்பே வெங்காயங்கள் தரை முழுக்க உருண்டுகொண்டிருந்தன. ஒன்று குளிர்பெட்டிக்குக் கீழே போய்விட்டது. கறுப்பு வலை ஒற்றைக் கொக்கியில் தொங்கியபடி மெல்ல ஆடியது.

நான் வெங்காயங்களைப் பொறுக்கவில்லை. வலையை மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். வெங்காயச் சருகின் மணம். அதற்குக் கீழே, தேடினால் மட்டும், கருகிய ரப்பரும் ஈரக் களிமண்ணும். உன் மணம் என்று சொல்ல முடியாது. உன் காரின் மணம். ஆனால் அந்த மணம் இல்லாத உன்னை எனக்குத் தெரியாது.

இதை இங்கே கொழுவிய அன்று சொன்னாய்: "சின்ன வெங்காயம் நிக்காதுடா. பொம்பே வெங்காயம் மட்டும் போடு."

சொல்லும்போது சிரித்தாய். உன் தொழில் அதற்கு முதல் நாள்தான் முடிந்திருந்தது.

*

2009. மாணவர் விசா, ஒரு பெட்டி, பாதி படித்த புத்தகங்கள். சிட்னியில், வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த தமிழ்க் கடையின் கண்ணாடியில் நீ எழுதிய துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. "அறை வாடகைக்கு. சத்தம் பிரச்சினை எண்டால் வர வேண்டாம்." எந்தச் சத்தம் என்று எழுதியிருக்கவில்லை. உன் வீட்டு மணியை அடித்தேன். கையெல்லாம் எண்ணெயோடு கதவைத் திறந்தாய்.

"என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கார் ஓடுறன்."

"டக்சியோ?"

"நோ. வட்டமா."

ஸ்டொக் கார் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். வெளியே பார்த்தால் வீதியில் போகும் கார்தான். உள்ளே ஒன்றுமில்லை. ஓர் ஆசனம், இரும்புக் குழாய்களால் ஒரு கூடு, ஒரு ஸ்டியரிங். களிமண் பாதையில் இருபது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றும். முட்டுவது தவறல்ல, அதுவும் ஓட்டத்தின் பகுதி. இதற்கு ஓர் அணி உனக்கு மாதச் சம்பளம் தந்தது. நம் ஆட்களிடம் இதை நீ விளக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையில், கல்யாண வீட்டில், பென்டில் ஹில்லில் யாரோ ஒருவரின் பிறந்தநாளில். அங்கிள்மார் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டு முடித்துவிட்டு, "அது சரி தம்பி, வேலை என்ன செய்யிறீர்?" என்பார்கள்.

ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நீ. உனக்கு அது பகிடி. எனக்குத்தான் ஏனோ கோபம் வந்தது.

ஓட்டுநர் பக்க யன்னலில் கண்ணாடி இல்லை. அதற்குப் பதில் இந்த வலை. கார் உருண்டால் கை வெளியே போய் நசியாமல் இருக்க. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு என்று முதல் ஓட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனபோது காட்டினாய். மோதி நின்ற பிறகு ஓட்டுநர் உள்ளிருந்து வலையைக் கழற்றிக் கீழே விட்டால், எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். வலை இறங்காவிட்டால் மீட்பு ஆட்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் காரை நோக்கி ஓடுவார்கள்.

"ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கத்தினா ஆருக்குக் கேக்கும்? வலைதான் எங்கட வாய்."

நீ எப்போதும் இறக்கினாய். நான் பார்த்த எல்லா மோதல்களிலும். புழுதி அடங்குவதற்கு முன்பே வலை விழும். ஒருமுறை விலா எலும்பு வெடித்திருந்தது. அன்றும் இறக்கினாய். அந்தக் கிழமை முழுக்க நீ பயந்தது தும்மலுக்கு மட்டும். நான் செத்தல் மிளகாய் தாளிக்கத் தொடங்கினால் தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்பாய். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலாகக் கேட்பார்: "யூ ரைட், மேட்?"

"ஓல் குட்."

இந்த நாட்டில் இந்தக் கேள்வியையும் பதிலையும் நான் மிக வேகமாகக் கற்றுக்கொண்டேன். பதில் வருவதற்கு முன்பே கேட்டவர் நகர்ந்துவிடுவார்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மெல்பேர்ணிலிருந்து உன் அம்மா தொலைபேசியில் எடுப்பார். வென்றாயா என்று கேட்டதில்லை.

"வலை இறக்கினனியோ?"

"ஓம் அம்மா. இறக்கினனான்."

மோதவே இல்லாத நாட்களிலும் அதே கேள்வி, அதே பதில். உங்கள் இருவருக்கும் அதுதான் 'சாப்பிட்டியா'.

*

2011. மெல்பேர்ண்.

முதல் தடவையாக உன் அம்மா, எனக்கு அன்ரி, ஓட்டம் பார்க்க வந்தார். அன்று காலை எங்கள் இருவரையும் த பேசின் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாய். மலையடி வீதியில் நீ ஓட்டிய வேகத்தில் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

"இந்த வேகத்தில ஓடினா உனக்கு ஆர் சம்பளம் தருவினம்?" என்றார் அன்ரி.

"அம்மா, இது வீதி. எதிரில ஆக்கள் வருவினம்."

அர்ச்சனை முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் குளிர்ந்த காற்று. அன்ரி உன் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, ஹெல்மெட் போட்டால் அழிந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் பூசினார்.

மாலையில் ஓட்டம். அன்ரி மடியில் சாப்பாட்டுப் பெட்டி, கட்லட். பாதையைப் பார்க்கவில்லை. முழு நேரமும் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றுகளில் இரண்டு கார்கள் உன்னுடையதில் கொழுவிக்கொண்டன. ஒன்று தலைகீழாகப் போய் விழுந்தது. உன் கார் பக்கவாட்டில் சுவரில் அடித்து நின்றது. சத்தம் பிந்தித்தான் வந்தது போலிருந்தது.

அன்ரி கண்ணை மூடியிருந்தார். "தம்பி, வலை? வலை இறங்கிட்டோ?"

பார்த்தேன். புழுதிக்குள் கறுப்பாக ஏதோ விழுந்தது.

"இறங்கிட்டுது அன்ரி."

"பிள்ளையாரே." கண்ணைத் திறந்து கட்லட் பெட்டியைத் திறந்தார். எனக்கு ஒன்று நீட்டினார்.

எல்லாரும் தலைகீழாகக் கிடந்த காரை நோக்கி ஓடினார்கள். அதிலிருந்து புகை வந்தது. உன் காருக்குப் பக்கத்தில் யாருமில்லை. வலை இறங்கிய கார். யார் போவார்கள்? பிறகு நீயே யன்னல் வழியாக வெளியே வந்தாய். நின்றாய். நம் பக்கமாக ஒரு கையை உயர்த்தினாய். அப்படியே, யாரோ பின்னால் தட்டிவிட்டது போல, விழுந்தாய்.

கட்லட் என் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

வலது தோளெலும்பு உடைந்திருந்தது. கழுத்து எலும்பில் வெடிப்பு. வலது கை தூக்க முடியாததால் இடது கையைக் குறுக்கே நீட்டி, திருப்பக் கூடாத கழுத்தைத் திருப்பி, வலையைக் கழற்றியிருக்கிறாய். பிறகு யன்னலால் ஏறி வந்திருக்கிறாய். அசையாமல் இருந்து, ஆட்கள் வந்து பலகை கட்டி எடுத்திருந்தால் நரம்பு இவ்வளவு நசிந்திருக்காது என்றார்கள் வைத்தியர்கள். இருக்கலாம் என்றார்கள். எல்லாமே இருக்கலாம்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து கேட்டேன். "ஏன்டா இறக்கினாய்?"

நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேறெங்கும் பார்க்க முடியாது.

"அம்மா பாத்துக்கொண்டிருந்தவ."

*

பிறகு வென்ட்வேர்த்வில். கழுத்தைச் சுற்றிக் கட்டிய சட்டகம். முதல் வாரங்களில் அணியினர் வந்தார்கள், பியர் கொண்டுவந்தார்கள், சட்டகத்தில் கையெழுத்துப் போட இடம் தேடினார்கள். அணித் தலைவர், ஒரு செம்பட்டைத் தாடிக்காரர், வாசலில் நின்று, "யூ ரைட், மேட்?" என்றார். "ஓல் குட்" என்றாய். மெல்ல வருகை குறைந்தது. உன் காரில் வேறொருவன் ஓடினான். அந்தச் செய்தியை யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

பின்முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் நேராக, தலை திரும்பாமல், நாள் முழுக்க இருப்பாய். பரமட்டா பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உன் வலது பாதம் தரையை அழுத்தும். உனக்கே தெரியாமல். அறை யன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மேசையில் என் ஆய்வுக் குறிப்புகள். ஒரு வரியும் நகராது. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு கதிரைகள். அந்த மாதங்களில் நாம் எவ்வளவு குறைவாகக் கதைத்தோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

சட்டகம் கழன்ற பிறகு வலது கைக்குப் பயிற்சி. பிசியோ பெண் பிசைவதற்கு ஒரு பச்சை நிறக் களி தந்தாள். உனக்கு அது பிடிக்கவில்லை. "விளையாட்டுச் சாமான்" என்றாய். அதற்குப் பதில் ரொட்டிக்கு மா பிசையத் தொடங்கினாய். தேங்காய்ப்பூ, உப்பு, மா. ஒற்றைக் கையால். காலையில் ரொட்டி. மாலையில் ரொட்டி. நான் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிக்கொண்டு போனதும் ரொட்டி.

"இண்டைக்கும் ரொட்டியோ?"

"மருந்துடா. என்ர கைக்கு நான் பிசையிறன், நீ தின்னு."

முதலில் மா உதிர்ந்தது. பிறகு சேர்ந்தது. ஒருநாள் ரொட்டி வட்டமாகவே வந்துவிட்டது. அதைத் தட்டில் தூக்கிக் காட்டினாய். அந்தக் காலத்தில் நாம் இருவரும் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

அதே கிழமைதான் அதையும் பார்த்தேன். கல்லில் ரொட்டியைத் திருப்பிவிட்டு என்னோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாய். உன் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சூடான கல்லின் விளிம்பில் இருந்தன. எடுக்கவில்லை. கதைத்துக்கொண்டே இருந்தாய். மணம் வந்த பிறகுதான் இருவரும் கையைப் பார்த்தோம்.

"ஓல் குட்" என்றாய்.

"உனக்குச் சுடேல்லையோ?"

"கொஞ்சம் மரத்திருக்கு. வரும்."

வரவில்லை. மறுபடி ஓடுவதற்கான வைத்தியச் சோதனையில் கழுத்து சரி என்றார்கள். பிடியை அளந்தார்கள், போதும் என்றார்கள். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டபோது, கண்ணால் பார்த்துவிட்டு 'ஓம்' என்றாயாம். வீட்டுக்கு வந்து நீயே சொன்னாய், ஒரு கெட்டித்தனம் போல.

"சொல்லடா அவையளுக்கு."

"சொன்னா விடமாட்டினம்."

"விடாட்டி என்ன?"

நீ என்னைப் பார்த்த பார்வை. அங்கிள்மார் யாருக்கும் அந்தப் பார்வை கிடைத்ததில்லை. "அப்ப நான் ஆர்?" என்றாய்.



*

2012. சிட்னியின் மேற்கே ஒரு களிமண் பாதை. நீ திரும்பி வந்த முதல் ஓட்டம்.

அன்ரி வரவில்லை. மெல்பேர்ணில் சுவாமி அறையில் இருந்தார். நான் வேலியோரம் நின்றேன், தொலைபேசி காதில். நடப்பதைச் சொல்லிக்கொண்டிருப்பது என் வேலை. "இப்ப ஏழாவதா ஓடுறான் அன்ரி. இப்ப ஆறாவது." அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

நடந்தது மிகச் சின்ன விஷயம். வளைவில் உன் கார் பின்பக்கம் வழுக்கியது, அரைச் சுற்று சுற்றியது, சுவரை மெல்ல உரசி நின்றது. பார்வையாளர்கள் எழுந்துகூட நிற்கவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இனி வலை இறங்கும், இழுவை வண்டி வரும், அவ்வளவுதான்.

"தம்பி? வலை இறங்கிட்டோ?"

வலை அப்படியே இருந்தது.

"தம்பி?"

"இல்லை அன்ரி."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம். பாதை ஓரத்திலிருந்து ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். சிப்ஸ்காரர் எழுந்து நின்றார். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள். செம்பட்டைத் தாடிக்காரர் வயதை மறந்து வேலியைத் தாண்டிக் குதித்தார். ஒரு மீட்பு ஆள் உன் யன்னலுக்குள் தலையை விட்டான். நெடுநேரம் அப்படியே நின்றான்.

உனக்கு ஒரு கீறலும் இல்லை.

அடுத்த நாள் குசினியில் இந்தக் கொக்கிகளை அடித்துக்கொண்டே சொன்னாய். நீ அப்படி நீளமாக ஒன்றைச் சொன்னது அது ஒருமுறைதான்.

"கையில ஸ்டியரிங் இருக்கோ இல்லையோ எண்டு தெரியேல்லை மச்சான். பாத்துப் பாத்துத்தான் பிடிச்சனான். கையைப் பாத்தா ரோட்டைப் பாக்கேலாது. பக்கத்தில ஒரு பெடியன் ஓடினவன், புதுசு. அவனை அடிச்சிருப்பன். நிண்ட உடனை வலைக்குக் கையைக் கொண்டு போனன். பழக்கம்தானே. பிறகு என்னெண்டு தெரியேல்லை, கையை மடியில வைச்சிட்டன்."

"பயமா இருந்ததோ?"

"அதில்லை. ஒருத்தன் வந்தான்டா. யன்னலுக்குள்ள தலையை விட்டு என்ர பேரைக் கேட்டான். எங்க நோகுது எண்டு கேட்டான். கேட்டுட்டுப் போகேல்லை, நிண்டான். இவ்வளவு வருசம் ஓடியிருக்கிறன், ஒருத்தரும் யன்னலுக்கு வந்ததில்லை. நான்தானே வரவிடேல்லை."

பிறகுதான் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னாய். சிரித்தாய்.

*

அடுத்த வருடத் தொடக்கத்தில் அம்மாவோடு இருக்க மெல்பேர்ணுக்குப் போனாய். டயர்க் கடையில் வேலை. அங்கிள்மாருக்கு ஒருவழியாக நிம்மதி. "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். இந்த வீட்டில் உன் கதிரையும் வலையும் நானும்.

தொலைபேசியில் நீ மாறிவிட்டிருந்தாய். சுகமோ என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வாய். "இண்டைக்கு அவ்வளவு நல்லா இல்லை. தலையிடி." அல்லது, "கனவில கார் வந்தது. எழும்பி அழுதனான்." எனக்கு அந்தரமாக இருக்கும். உண்மையான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. "ஓ" என்பேன்.

"நீ எப்பிடி?"

"ஓம். சுகம்."

"வலையைக் கெதியா இறக்கிப்போட்டாய்" என்று சிரிப்பாய்.

தலையிடியைப் பற்றி வைத்தியரிடம் சொன்னாய். அம்மாவிடம் சொன்னாய். பரிசோதித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொன்ன ஒருவன், இந்தக் குளிர்காலத்தில், ஒரு காலை, மூளைக்குள் கசிந்த இரத்தத்தால் போனான். பழைய அடியா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார்கள்.

இதை வைத்துக்கொண்டுதான் நான் உன்னோடு சண்டை பிடிக்கிறேன், தெரியுமா. சொல்லி என்ன கண்டாய்? வலை இறங்காத கார்தானே உன்னுடையது. ஆட்கள் வந்தார்கள்தானே. வந்தும் போனாய்.

செத்தவீட்டில் செம்பட்டைத் தாடிக்காரர் கடைசி வரிசையில் நின்றார். வெளியே வரும்போது என் தோளைத் தொட்டு, "யூ ரைட், மேட்?" என்றார். நான் "ஓல் குட்" என்றேன். அவர் போகாமல் கொஞ்சம் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. நான்தான் நகர்ந்துவிட்டேன்.

அன்ரி ஒரு விஷயம் சொன்னார், பெட்டியை மூடுவதற்கு முன். அழாமல் சொன்னார். "தலை இடிக்குது அம்மா, பக்கத்தில இருங்கோ எண்டான். அம்புலன்சுக்கு அடிச்சிட்டு, அவை வருமட்டும் நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். எந்தக் கையைப் பிடிச்சிருக்கிறன் எண்டு கேட்டனான். இடது கை, தெரியுது எண்டான்."

அதை ஊரில் உள்ள எல்லாருக்கும் சொல்வது போல, திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் இருந்தேன் என்பதை.

*

ஞாயிறு தோறும் அன்ரி எனக்கு எடுக்கிறார். உனக்கு எடுத்த அதே நேரம்.

"சுகமோ தம்பி?"

"ஓம் அன்ரி. நீங்கள்?"

"ஓம். இருக்கிறன்."

"சரி அன்ரி."

"அப்ப வைக்கட்டே?"

ஒவ்வொரு ஞாயிறும் இவ்வளவுதான். இரண்டு வலைகள் ஒரே நேரத்தில் விழுகின்றன. குளிர்காலத்துக்குப் பிறகு நான் பல்கலைக்கழகம் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. உன் அறைக் கதவை நான் திறப்பதில்லை என்பது தெரியாது. வாட்டிய பாண் துண்டுகளைத் தவிர ஒன்றும் சாப்பிடுவதில்லை, ஆனாலும் கடைக்குப் போனால் வெங்காயம் வாங்கி வந்து வலையில் போடுகிறேன் என்பதும். பெற்ற தாய்க்கு முன்னால் வாடகைக்கு இருந்தவனுக்கு என்ன துக்கம் வேண்டிக்கிடக்கிறது? அப்படித்தான் நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் இறக்கினேன்.

இன்றும் ஞாயிறு.

வெங்காயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். குளிர்பெட்டிக்குக் கீழே போனதைத் தும்புத்தடியால் இழுத்து எடுத்தேன். கழன்ற கொக்கியை மறுபடி யன்னலோரச் சுவரில் அடித்தேன். வலையின் நான்கு மூலைகளையும் இழுத்து, நீ கொழுவியது போலவே, தொய்வில்லாமல் கொழுவினேன். அதன் சதுரங்களுக்கு அப்பால் பின்முற்றம் தெரிந்தது. உன் கதிரை. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

தொலைபேசி அடித்தது. உட்கார்ந்து எடுத்தேன்.

"சுகமோ தம்பி?"

வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லை அன்ரி."

அந்தப் பக்கம், தரையில் ஒரு கதிரையை இழுக்கும் ஓசை. அவர் உட்காரும் ஓசை.

"சொல்லு மோனை," என்றார். "நானும் இல்லை."